மாத்திரைக் கவரில் சிரித்தவர்

மருந்துக்கடைக்குக் கண்ணீர் அஞ்சலிப் பக்கத்தில் மாத்திரைக் கவர் ஒட்டிக் கொடுத்த ஆள் கோவில்பட்டியில் நான் ஒருத்தன்தான். வேறு யாராவது இருந்தால் சொல்லுங்கள், எனக்கும் கொஞ்சம் ஆறுதலாக இருக்கும்.

எல்லாம் வீட்டில் கிடந்த பழைய பேப்பரால் வந்தது. நான் ஜவுளிக்கடையில் பில் போடுகிறவன். பேப்பர் வாங்குவதை நிறுத்தவும் மாட்டேன், வாங்கியதைக் கழிக்கவும் மாட்டேன். கட்டிலுக்கடியில் இடம் தீர்ந்து, பீரோ மேல் ஏறி, கடைசியில் கேஸ் சிலிண்டர் பக்கத்தில் அடுக்கு போய் நின்றது. அன்றைக்கு என் வீட்டுக்காரி சொன்னாள்: "ஒண்ணு அது வெளிய போகணும், இல்ல நீங்க போகணும். ரெண்டுல எது வெயிட்டு ஜாஸ்தின்னு பாத்து அதை மொதல்ல எடைக்குப் போடுதேன்."

எடைக்குப் போட எனக்கு மனசு வரவில்லை. அதே பழைய பேப்பரை வாங்கிக் கவர் ஒட்டித்தான் பக்கத்து வீட்டு அக்கா காலத்தை ஓட்டுகிறார். என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது மூத்தவர். முன்பு வீட்டிலிருந்தே தீப்பெட்டி ஒட்டிக்கொண்டிருந்தார். அந்த வேலையை மெஷின் எடுத்துக்கொண்டது. தீப்பெட்டி ஆபீசுக்கு வந்து நின்று வேலை பாருங்கள் என்றார்கள். எங்கள் ஊரில் அதற்குத் தொழிற்சாலை என்ற பேர் கிடையாது, ஆபீஸ்தான். ஆபீஸ் என்று சொன்னாலும் முழங்கால் கேட்கவேண்டுமே? அதனால் வீட்டிலேயே உட்கார்ந்து மைதாப் பசை காய்ச்சி, கவர் ஒட்ட ஆரம்பித்தார். பெட்டிக்கடைகள் கொஞ்ச நாள் வாங்கின, பிறகு பழையபடி பிளாஸ்டிக்குக்குப் போய்விட்டன. நிலையாக வாங்கியது பஸ் ஸ்டாண்டுப் பக்கம் இருக்கிற ஒரே ஒரு மருந்துக்கடைதான். அது போனால் அக்காவுக்கு மறுபடியும் ஆபீஸ்தான். அந்தத் தெருவில் எல்லாருக்கும் இது தெரியும். எனக்கும் தெரியும்.

தெரிந்தும்தான் நான் தொழிலில் இறங்கினேன். போனில் ஒரு வீடியோ பார்த்தேன். குப்பையைக் காசாக்குங்கள் என்று ஒருவர் கத்திக்கொண்டே மடித்துக் காட்டினார். கலர் படம் வெளிப்பக்கம் வரும்படி மடித்தால் கவருக்கு மவுசு கூடும் என்பது அவர் சொன்ன ரகசியம். நானும் கலர் தேடினேன். சினிமாப் பக்கத்தை வெட்டினால் ஒரு நடிகைக்கு மூக்கோடு முகம் முடிந்துவிட்டது. அடுத்த பக்கத்தில் கட்டம் கட்டமாக, கட்டத்துக்கு ஒருவராக, நல்ல பிரிண்டில் முகங்கள். ஒரு கட்டத்தை மடித்தால் சரியாக ஒரு மாத்திரைக் கவர். எல்லாரும் சிரித்த முகம் வேறு. கண்ணீர் அஞ்சலி என்ற எழுத்து மேலேதான் இருந்தது. தினமும் பார்த்துப் பார்த்து அது என் கண்ணுக்குப் பார்டர் டிசைன் மாதிரி ஆகியிருந்தது. வேறென்ன சொல்ல.

அந்த வாரம் அக்கா ஒரு சடங்கு வீட்டுக்காகப் பசுவந்தனைக்குக் கிளம்பினார். வாசலில் நின்று, "தம்பி, கடைக்குப் போற வழியில இந்தக் கவர்க் கட்டை மட்டும் மருந்துக்கடையில குடுத்துருங்க. நான் சொல்லி வச்சிருக்கேன்" என்றார். கட்டை வாங்கிக்கொண்டேன். என் கவரையும் அதோடு சேர்த்துவிட்டால் தனியாகக் கடை தேடி அலைய வேண்டாமே என்று தோன்றியது. அடியில் வைத்திருந்தாலாவது வம்பு கொஞ்ச நாள் தள்ளிப் போயிருக்கும். பார்வையாக இருக்கட்டும் என்று மேலே வைத்தேன்.

மறுநாள் கடைக்காரர் என்னைக் கூப்பிட்டுவிட்டார்.

"அண்ணாச்சி, இது மருந்துக்கடையா, சங்கு ஊதுத இடமா?" என்று ஒரு கவரை எடுத்துக் கண்ணாடி மேல் வைத்தார். அப்போதுதான் நான் எழுத்தை வாசித்தேன்.

நெஞ்சடைப்பு வந்து ஆஸ்பத்திரியில் இருந்து வீட்டுக்கு வந்திருக்கிற ஒருவருக்கு அவர் மனைவி மாத்திரை வாங்கிப் போயிருக்கிறார். வீட்டில் போய்ப் பார்த்தால் கவரில் மாலை போட்ட படம். அந்தம்மா அங்கனயே உட்கார்ந்து அழுதுவிட்டு, திரும்பக் கடைக்கு வந்து ஆட்கள் நிற்கும்போதே கேட்டாராம்: "மாத்திர தின்னு பொழைக்கட்டும்னு வந்தா, முன்கூட்டியே போட்டோ புடிச்சு ஒட்டிக் குடுக்குதீங்களே!"

"இனிமே அந்த அக்கா கவரே நமக்கு வேண்டாம்" என்றார் கடைக்காரர்.

"அவிய ஒட்டலை அண்ணாச்சி. நான் ஒட்டுனது."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "ஒங்களுக்கு என்னத்துக்கு இந்த வேலை?"

மிச்சமிருந்த என் கவர்களைப் பொறுக்கி எடுத்துக்கொண்டேன்.

"யாரு ஒட்டுனா என்ன, கெட்டது கடைப் பேருல்லா. அந்த வீட்டுக்காரரு போன் பண்ணி, போகட்டும்னு ஒரு வார்த்தை சொன்னாத்தான் நான் திரும்ப வாங்குவேன்" என்றார்.

அன்று ஜவுளிக்கடைக்கு லீவு சொன்னேன். ஆறு ஆப்பிள் வாங்கிக்கொண்டு அந்த வீட்டைத் தேடிப் போனேன். கதவைத் திறந்த அம்மா, நான் யார் என்று சொன்னதும் ஆப்பிளை வாங்கிக்கொண்டு என்னை வெளியே நிறுத்திவிட்டார். உள்ளேயிருந்து, "வரச் சொல்லுடி, பாப்போம்" என்று ஒரு குரல் வந்தது.

மணியாச்சியில் ரயில்வே வேலை பார்த்து ஓய்வு பெற்றவராம். கட்டிலில் சாய்ந்திருந்தார். என் கவர் அவர் தலைமாட்டில், மாத்திரையோடு இருந்தது.

"நீருதானா வே அது?"

"ஆமா. தெரியாமப் பண்ணிட்டேன். என்னைத் திட்டுங்க. அந்த அக்காவுக்கு இந்த ஒரு கடைதான். நீங்க ஒரு வார்த்தை சொல்லலைன்னா அவிய பொழப்பு போயிரும்."

அவர் கவரை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். "இந்தப் பய என்னைவிட எளையவன். நாப்பத்தாறு வயசுன்னு போட்டுருக்கு. அதப் பாத்ததுலயிருந்து எனக்குத் தெம்பாத்தான் இருக்கு. இவதான் அழுதுட்டு கெடக்கா."

"வாயப் பாரு" என்று அடுப்படியிலிருந்து ஓர் அதட்டல்.

அவர் போனை எடுத்துக் கடைக்காரரிடம் பேசினார். "நாந்தான் பேசுதேன். உயிரோடதான் பேசுதேன். அந்தப் பொம்பளைகிட்டயே கவர் வாங்கும்." போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "ஒம்மகிட்ட வாங்கச் சொல்லலை, வெளங்குதா?"

அந்தம்மா கடைசிவரைக்கும் என்னோடு பேசவில்லை. நான் செருப்பை மாட்டும்போது அந்தக் கவரைக் கிழித்துத் துண்டு துண்டாக்கிக் குப்பையில் போடுகிற சத்தம் கேட்டது. வீட்டுக்காரர் வேடிக்கையாகப் பேசினாரே என்று எனக்கு இறங்கியிருந்த பாரம் அந்தச் சத்தத்தில் திரும்ப ஏறிக்கொண்டது.

அக்கா ஊரிலிருந்து வந்ததும் வீட்டில் இருந்த பேப்பர் முழுவதையும் சைக்கிளில் கட்டி அவர் வாசலில் இறக்கினேன். காசு வேண்டாம் என்றேன். நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னேன். பசை கலக்கிக்கொண்டிருந்த கை நின்றது.

"கடை வாங்குதுல்லா?" என்று மட்டும் கேட்டார்.

"வாங்குது அக்கா. நாளைக்கே கொண்டாரச் சொல்லிட்டாரு."

பேப்பர்க் கட்டை உள்ளே இழுத்து வைத்துக்கொண்டே சொன்னார்:

"தம்பி, இனிமே எனக்கு ஒத்தாசை பண்ணணும்னு ஒங்களுக்குத் தோணுச்சுன்னா, கதவச் சாத்திட்டுப் படுத்துத் தூங்கிருங்க."