ஒன்றரை மாத்திரை

என் மகளுக்கு வேன் பயணம் ஒத்துக்கொள்ளாது என்பது அவளுக்கு மூன்று வயதானபோது தெரிந்தது. லோனாவாலாவுக்குப் போய்க்கொண்டிருந்தோம். கண்டாலா மலைப்பாதையில் இரண்டு வளைவுகள் தாண்டியிருக்கும். மடியில் இருந்தவள் "அம்மா, வயிறு சுத்துது" என்றாள். நான் குனிந்து பார்ப்பதற்குள் காலையில் குடித்த பால் முழுவதும் சீட்டிலும் என் சேலையிலும் கொட்டிவிட்டது. வண்டியை ஓட்டிக்கொண்டிருந்தவர் என் கணவரின் அண்ணன். நான் அவரை அத்தான் என்று கூப்பிடுவேன். கண்ணாடியில் பின்னால் பார்த்து, "சீட்டுல பட்டிருச்சா?" என்று கேட்டார். பிள்ளைக்கு என்ன ஆயிற்று என்று கேட்கவில்லை.

நான் கைக்குட்டையால் சீட்டைத்தான் முதலில் துடைத்தேன். அதையும் சொல்லிவிட வேண்டும்.

அத்தானுக்குத் தாராவியில் தோல் பை தைக்கும் பட்டறை. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து குடும்பத்தில் முதலில் பம்பாய்க்கு வந்தவர் அவர். அப்பா இறந்த பிறகு தம்பியைக் கூட்டிவந்து, பட்டறைக்கு மேலே இருந்த பரணில் படுக்கவைத்து, படிக்கவைத்தார். அந்தத் தம்பிக்கு டெக்னீஷியன் வேலை கிடைத்தது, அணுசக்தி நகரில் குவார்ட்டர்ஸ் கிடைத்தது, என்னைக் கட்டிக்கொடுத்தார்கள். இவ்வளவுக்குப் பிறகும் அண்ணன் எதிரில் நின்றால் என் கணவருக்குப் பேச்சு வராது. கேட்டதற்கு மட்டும் "ஆமாண்ணே", "சரிண்ணே."

அந்த வேனில் யார் எங்கே உட்காருவது என்று யாரும் பேசி முடிவு செய்ததில்லை. முன்னால் அத்தான், பக்கத்தில் அவர் மனைவி. நடு வரிசையில் அவர்களுடைய இரண்டு மகன்கள், ஆளுக்கொரு ஜன்னல், நடுவில் அவர்களுடைய பைகள். கடைசி வரிசையில் நாங்கள் மூன்று பேர். சக்கரத்துக்கு மேலே இருக்கும் சீட் அது. ரோட்டில் ஒரு பள்ளம் வந்தால் முன்னால் இருப்பவர்களுக்கு அது தெரியும், எங்களுக்கு வயிற்றுக்குள் இறங்கும். புது வண்டிக்குப் போட்டு வந்த பிளாஸ்டிக் உறையை அவர்கள் வருடக்கணக்கில் கழற்றவில்லை. ஏசிக்காக எல்லாக் கண்ணாடியும் மூடியிருக்கும். முன்னால் மல்லிகை வாசனைக் குப்பி ஒன்று. அந்த வாசனையும் பட்டறையிலிருந்து அத்தானோடு கூடவே வரும் தோல் வாடையும் சேர்ந்தால் எனக்கே தலை கிறுகிறுக்கும்.

அதன் பிறகு ஒவ்வொரு பயணத்திலும் வாந்திதான். எல்லோரும் எனக்கு வைத்தியம் சொன்னார்கள். எலுமிச்சம்பழத்தை முகரக் கொடு, இஞ்சி மிட்டாய் கொடு, செய்தித்தாளை விரித்து அதன்மேல் உட்காரவை, தொப்புளில் டேப் ஒட்டு. எல்லாவற்றையும் செய்தேன். தொப்புளில் ஒட்டிய டேப்பைப் பிரித்தபோது தோல் சிவந்து அழுதாள். பேசாமல் இருக்கட்டும் என்று போனில் கார்ட்டூன் போட்டுக் கொடுத்தேன். அது இன்னும் கெடுதல் என்று அப்போது எனக்குத் தெரியாது.

ஐந்து வயதானபோது செம்பூரில் ஒரு குழந்தை டாக்டரிடம் கூட்டிப்போனேன். அவர் சிரித்துவிட்டு, இது நோயே இல்லை என்றார். கண்ணுக்கு வண்டியின் உள்பக்கம் மட்டும் தெரிகிறது, உடம்பு குலுங்குவது காதுக்குள் தெரிகிறது, இரண்டும் ஒத்துப்போகாததால் வயிறு புரட்டுகிறது, அவ்வளவுதான். பிள்ளையை நடு வரிசையில், முன் கண்ணாடி வழியாக ரோடு தெரிகிற மாதிரி உட்காரவையுங்கள். ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வையுங்கள். வாசனைக் குப்பியை எடுத்துவிடுங்கள். காலையில் பால் வேண்டாம், இரண்டு இட்லி போதும். போன் கொடுக்காதீர்கள். மணிக்கு ஒரு தடவை இறக்கி நாலு எட்டு நடக்கவிடுங்கள். இவ்வளவு செய்தும் கேட்கவில்லை என்றால்தான் மாத்திரை. அதுவும் அரை மாத்திரை, கிளம்புவதற்கு ஒரு மணி நேரம் முன்னால், அதற்கு மேல் கூடாது என்று மருந்துச் சீட்டில் எழுதி அடிக்கோடு போட்டுக் கொடுத்தார்.

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஒரு சீட் மாறி உட்கார்ந்தால் தீர்ந்தது. வீட்டுக்கு வந்து கணவரிடம் சொன்னேன்.

"அண்ணன்ட்ட நான் எப்படிச் சொல்லுவேன்?" என்றார்.

"நானும் பிள்ளையும் நடு சீட்டுல உக்காரணும்னு சொல்லுங்க. டாக்டர் சொன்னாருன்னு சொல்லுங்க."

"பசங்க எந்திரிக்கணும்லா? நல்லாவா இருக்கும்?"

சரி, நானே கேட்கிறேன் என்று அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து தாராவி வீட்டுக்குப் போனபோது அத்தான் மனைவியிடம் கேட்டேன். அவர்களை நான் அக்கா என்பேன். அக்கா கறிக்குத் தேங்காய் அரைத்துக்கொண்டிருந்தார்கள். மிக்ஸியை நிறுத்தவில்லை. நான் இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது.

"பசங்களுக்குக் காலு நீளம்ளா. பின்னால எப்படி மடக்கிட்டு வருவானுவ? உன் மவ சின்னப்பிள்ள, எங்க வச்சாலும் இருப்பா."

"ஜன்னலையாவது கொஞ்சம் திறந்து வச்சா..."

கட்டிலில் படுத்திருந்த அத்தான் அங்கிருந்தே சொன்னார்: "ஜன்னலத் திறக்கணும்னா ஏசி எதுக்கு? நாங்கல்லாம் லாரி மேல உக்காந்து வந்தவங்க. காலிபீலியா, ஒண்ணுமில்லாததுக்கு டாக்டர்ட்ட போயி பிள்ளைய நோயாளி ஆக்குதீங்க."

என் கணவர் பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தார்.

அதன் பிறகு என் மகளே ஒரு வழி கண்டுபிடித்தாள். முதலில், வேனில் ஏறும்போது கையில் தானே ஒரு பிளாஸ்டிக் பையைப் பிடித்துக்கொண்டு ஏறினாள். வாந்தி எடுத்து முடித்தவுடன் "ஸாரி பெரியப்பா" என்பாள். பெரிய பையன் மூக்கைப் பொத்திக்கொண்டு, "உல்டி குயீன்", வாந்தி ராணி என்பான். சின்னவன் சிரிப்பான். ஒரு தடவை பன்வேல் தாண்டியதும் அவள் உதடுகளை இறுக்கி மூடிக்கொண்டிருந்தாள், கண்ணில் தண்ணீர். "பையில எடுத்திரும்மா" என்றேன். மாட்டேன் என்று தலையை ஆட்டினாள். தொண்டை ஏறி இறங்கியது. வாய்க்கு வந்ததை விழுங்கிவிட்டாள். விழுங்கிவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தாள், நல்ல காரியம் செய்துவிட்ட மாதிரி. அப்போதே வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கியிருக்க வேண்டும். நான் அவள் முதுகைத் தடவிக் கொடுத்தேன்.

அவளுக்கு ஆறு வயதில், அக்காவின் தங்கைக்குப் பூனாவில் கல்யாணம். இரண்டு நாளைக்கு முன்னால் அக்கா போன் செய்தார்கள். "எல்லாரும் பட்டுச் சேலை கட்டிட்டு வாரோம். இந்தத் தடவை மாத்திரை குடுத்தே கூட்டிட்டு வா. அது முடியாதுன்னா நீங்க தனியா ரயில்ல வந்திருங்க."

ரயிலில் வருகிறோம் என்று சொல்லியிருக்கலாம். கணவரைப் பார்த்தேன். "கல்யாணத்துக்குப் போயி தனியா இறங்குனா பாக்குறவங்க என்ன நினைப்பாங்க?" என்றார். நான் மாட்டுங்காவில் ஒரு பள்ளிக்கூட ஆபீசில் கிளார்க். மறுநாள் வேலை முடிந்ததும் கிங்ஸ் சர்க்கிளில் ஒரு மருந்துக்கடையில் மாத்திரை வாங்கினேன்.

காலை ஆறு மணிக்கு வண்டி வரும் என்றார்கள். ஐந்து மணிக்கு அரை மாத்திரை கொடுத்தேன். ஆறு மணிக்கு அணுசக்தி நகர் வாசலுக்கு வெளியே பஸ் ஸ்டாப்பில் நின்றோம். பிள்ளை ரோஸ் கலர் கவுன் போட்டிருந்தாள். ஆறரை ஆயிற்று. ஏழு ஆயிற்று. போன் செய்தால் "கிளம்பிட்டோம், கிளம்பிட்டோம்" என்றார்கள். ஏழரைக்கு தூரத்தில் வண்டி தெரிந்தது. அரை மாத்திரையின் வேலை இந்நேரம் முடிந்திருக்கும், மலை ஏறும்போது எல்லார் பட்டுச் சேலையும் போய்விடும் என்று எனக்குப் பட்டது. பையைத் திறந்து இன்னொரு முழு மாத்திரையைப் பிய்த்து அவள் வாயில் போட்டேன். தண்ணீர் கொடுத்தேன். கணவர் வண்டியைப் பார்த்துக் கையை ஆட்டிக்கொண்டிருந்தார், கவனிக்கவில்லை.

வாஷி பாலம் வருவதற்குள் தூங்கிவிட்டாள். மலைப்பாதையில் ஒவ்வொரு வளைவுக்கும் அவள் தலை என் கையில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் உருண்டது. வாந்தி இல்லை. லோனாவாலாவில் நிறுத்தி எல்லோரும் வடாபாவ் சாப்பிட்டார்கள். அக்கா பின்னால் எட்டிப் பார்த்து, "இன்னைக்கு எவ்வளவு சமத்தா வாரா பாரு. மாத்திரை இருக்கையில இத்தனை வருசம் பிள்ளைய வாட்டியிருக்கியே" என்றார்கள். எனக்கு அந்தப் பேச்சு இனித்தது. அந்த வண்டியில் என்னை யாரும் குறை சொல்லாமல் வந்த முதல் பயணம் அது. ஒரு கையால் வடாபாவ் தின்றேன்.

பூனாவில் சர்ச் வாசலில் எழுப்பினேன். எழும்பவில்லை. கணவர் தோளில் போட்டு உள்ளே தூக்கிவந்தார். கடைசி பெஞ்சில் படுக்கவைத்தோம். பாட்டு பாடினார்கள், ஆர்கன் வாசித்தார்கள், அவள் அசையவில்லை. முகம் சிவந்து சூடாக இருந்தது. உதடு காய்ந்து வெடித்திருந்தது. நான் உலுக்க உலுக்க ஒரு தடவை கண்ணைத் திறந்தாள். என்னைப் பார்க்கவில்லை. கையை மேலே தூக்கி, காற்றில் எதையோ பிடித்துப் பிடித்து எடுத்தாள். "பூச்சி... பூச்சி..." என்றாள். அங்கே ஒன்றும் இல்லை.

பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடினேன். ஆராதனை முடிந்து எல்லோரும் வாசலில் போட்டோவுக்கு நின்றுகொண்டிருந்தார்கள். அக்கா சொன்னார்கள், "தூங்குத பிள்ளைய எதுக்குப் போட்டு உலுக்குத? ரூம்ல கிடத்திட்டு வா, குடும்பப் போட்டோ எடுக்கணும்."

"அக்கா, பிள்ளைக்கு என்னமோ மாதிரி இருக்கு. ஆஸ்பத்திரி போகணும். வண்டி..."

அத்தான் சாவியைக் கையில்தான் வைத்திருந்தார். "வண்டியில மாப்பிள்ளை வீட்டாளுவளை ஹாலுக்குக் கொண்டு விடணும். ஆட்டோ கிடைக்கும்" என்றார்.

ஆட்டோவில் போனோம். ஆஸ்பத்திரியில் இருந்தது ஒரு இளம் பெண் டாக்டர். பிள்ளையின் கண்ணை விரித்து டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு ஹிந்தியில் கேட்டாள், என்ன மாத்திரை கொடுத்தீர்கள், எவ்வளவு?

அரை மாத்திரை என்றேன்.

என் வாய் தானாக அப்படிச் சொன்னது. என் பிள்ளை மேஜைமேல் கிடந்து காற்றைப் பிடித்துக்கொண்டிருக்கும்போது நான் என் மானத்தைக் காப்பாற்றிக்கொண்டேன். டாக்டர் என்னையே பார்த்தாள். "ஸச் போலோ," உண்மையைச் சொல்லுங்கள் என்றாள். கணவரும் என்னைப் பார்த்தார். ஒன்றரை என்றேன்.

அவள் என்னைத் திட்டவில்லை. ஊசி போட்டு டியூபில் மருந்து ஏற்றச் சொல்லி நர்ஸிடம் சொன்னாள். பிறகு கையைக் கழுவிக்கொண்டே, "வண்டியில் வாந்தி எடுத்து எந்தக் குழந்தையும் சாகாது" என்றாள். அவ்வளவுதான் அவள் சொன்னது.

சாயங்காலம் ஐந்து மணிக்கு என் மகள் கண்விழித்துத் தண்ணீர் கேட்டாள். "கல்யாணம் முடிஞ்சிட்டா?" என்று கேட்டாள். கேக் தின்ன முடியவில்லையே என்று அழுதாள். மறுநாள் மதியம் அனுப்பினார்கள். மற்றவர்கள் முந்தின நாளே வேனில் பம்பாய் திரும்பியிருந்தார்கள். நாங்கள் ரயிலில் வந்தோம். அதே மலையில்தான் ரயிலும் இறங்குகிறது. ஜன்னலோரம் உட்கார்ந்து ரயில் நுழையும் குகைகளை எண்ணிக்கொண்டு, ஒரு தொந்தரவும் இல்லாமல் வந்தாள்.

அக்கா போன் செய்தார்கள். பிள்ளை எப்படி இருக்கிறாள் என்று கேட்டார்கள், இல்லையென்று சொல்லக் கூடாது. உடனே, "குடும்பப் போட்டோவுல நீங்க மூணு பேரும் இல்ல. எல்லாரும் கேக்காவ" என்றார்கள். அதன்பின் வேனில் எங்கேயும் எங்களைக் கூப்பிடவில்லை. உங்களுக்கு எதற்குச் சிரமம் என்றார்கள். என் கணவரை மட்டும் கூப்பிடுவார்கள். அவரும் போவார். அதைப் பற்றி எங்களுக்குள் நடந்த சண்டைகளை எழுதி என்ன ஆகப்போகிறது? ஒரு நாள் அவர் சொன்னார்: "அண்ணனா மாத்திரைய வாயில போட்டாரு?" அதற்குப் பிறகு நான் சண்டை போடுவதை நிறுத்திவிட்டேன்.

இப்போது என் மகளுக்குப் பதினைந்து வயது. போன கிறிஸ்துமஸுக்குத் தாராவி வீட்டில் மதியச் சாப்பாடு. புதிதாக வந்த மருமகளுக்குக் குடும்பக் கதைகள் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அக்கா என் மகளைக் காட்டி, "இவ எங்க தங்கச்சி கல்யாணத்துக்கு வந்து, தூங்கிட்டே திரும்பிப் போனவ" என்றார்கள். எல்லோரும் சிரித்தார்கள். மகளும் சிரித்தாள்.

நாங்கள் இருவரும் வீடு திரும்ப சயான் பஸ் ஸ்டாப்பில் நிற்கும்போது கேட்டாள். "எனக்கு அன்னைக்கு என்னம்மா ஆச்சு? நான் ரொம்ப வீக்கா இருந்தேனா?"

வீக் இல்லை என்றேன். நடந்ததைச் சொன்னேன். பஸ் ஸ்டாப்பில் காத்திருந்தது, இரண்டாவது மாத்திரை, டாக்டரிடம் பொய் சொன்னது, எல்லாம்.

"நான் உல்டி பண்ணியிருந்தா என்ன ஆயிருக்கும்?"

"சீட் அழுக்காயிருக்கும். பெரியம்மா சேலையில பட்டிருக்கும்."

"அதுக்காகவா?"

ஆமாம் என்றேன்.

பஸ் வந்தது. உட்கார இடம் இருந்தும் முன்னால் போய்க் கம்பியைப் பிடித்துக்கொண்டு தனியாக நின்றாள். வீட்டுக்கு வந்ததும் படிக்க உட்கார்ந்துவிட்டாள். அதைப் பற்றி இன்றுவரை அவள் பேசியதில்லை, அப்பாவிடமும் கேட்டதில்லை. என்னிடம் எப்போதும்போல்தான் இருக்கிறாள். ஆனால் காய்ச்சல், தலைவலி என்று நான் ஒரு மாத்திரை எடுத்துக் கொடுத்தால், கையை நீட்டி முதலில் அட்டையை வாங்கிக்கொள்கிறாள். அதன் பின்பக்கத்தில் இருப்பதை முழுக்கப் படித்த பிறகுதான் வாயில் போடுகிறாள்.