மாரமங்கலத்துக்கு மேலே, கரும்பலகையில் போட்ட மாத்திரைச் செய்தி

சேர்வராயன் மலையில் ஒரு பெண்ணின் நோயை அவள் ஊருக்கு அறிவித்தது எங்கள் அலுவலகம்.

இந்த வலைப்பூவில் வழக்கமாக அருவி, பைக், பரோட்டா என்று எழுதுபவன் நான். சம்பளத்துக்குச் செய்யும் வேலை வேறு. எச்.ஐ.வி. உள்ளவர்களுக்குச் செல்போனில் செய்தி அனுப்பும் ஒரு சின்ன அமைப்பில், சேலத்தில், கணினியில் எண்களை ஏற்றுகிறேன். அதற்கான மாத்திரையை ஆயுசுக்கும் ஒரு நாள் விடாமல் சாப்பிட வேண்டும். விட்டால் கிருமி மறுபடி பெருகும், சாப்பிட்டுக்கொண்டிருந்த மருந்தே பிறகு கேட்காமல் போகலாம். அதனால் தீருவதற்கு முன் ஒரு நினைவூட்டல், வாங்க வராவிட்டால் இன்னொன்று. நல்ல யோசனைதான். அந்தச் செய்தியைப் பார்த்து பஸ் ஏறி வந்தவர்களை எனக்குத் தெரியும்.

ஜனவரியில் ஒரு பெயர் திரையில் சிவப்பாக மாறியது. செய்தி சேர்ந்திருக்கிறது, ஆள் வரவில்லை. மாத்திரை தீர்ந்து பதினோரு நாள். “தொடர்பு விட்டவர்னு போட்டுடு” என்றார் திட்ட அதிகாரி. போடவில்லை. புதன்கிழமை லீவு எழுதிக் கொடுத்துவிட்டுக் கிளம்பினேன். மாரமங்கலம் வரை சொல்லும் வழி நிஜம். அதற்குப் பிறகு வரும் ஊரையும் பெயர்களையும் மாற்றியிருக்கிறேன். யாரும் தேடிப் போகாதீர்கள்.

காலை 6.10-க்குச் சேலத்திலிருந்து ஏற்காடு பஸ். டிக்கெட் 35 ரூபாய், முப்பது கிலோமீட்டர் சொச்சம், இருபது கொண்டை ஊசி வளைவு. வாந்தி வருகிறவர்கள் முன் இருக்கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். 7.35-க்கு ஏற்காட்டில் இறங்கி, பஜாரில் இரண்டு இட்லியும் காபியும் 40 ரூபாய்க்கு முடித்தேன். ஏரியில் படகு இன்னும் கட்டியே கிடந்தது. 8.30-க்கு மாரமங்கலம் பஸ். நாகலூர் தாண்டியதும் செல்போனில் டவர் போய்விடும். பக்கத்தில் இருந்த பெரியவர் நான் போனை ஆட்டுவதைப் பார்த்துச் சிரித்தார். “உள்ள வெச்சுக்கங்க தம்பி. அதை ஆட்டுனா டவர் கொட்டாது.”

மாரமங்கலத்தில் இறங்கி ஒன்றரைக் கிலோமீட்டர் மேட்டில் நடந்தால் ஒரு டீக்கடை. அங்கே டவர் கிடைக்கிறது, கீழே இருக்கிற ஊருக்குள் கிடைப்பதில்லை. அதனால் ஊரார் காலையில் வேலைக்குப் போகும்போது போனைக் கடையில் கொடுத்துவிட்டுப் போகிறார்கள். சுவரில் ஆணி வரிசை, ஒவ்வொரு ஆணியிலும் ஒரு துணிப்பை, பைக்குள் போன், மேலே பெயர். இம்மாதிரிக் கடை இந்த மலையில் இது ஒன்றுதான் என்று நினைக்க வேண்டாம். கடைக்காரர் சார்ஜ் போடுகிறார், செய்தி வந்தால் படிக்கிறார். படித்ததைக் கதவுக்குப் பக்கத்தில் உள்ள கரும்பலகையில் சுண்ணாம்புக் கட்டியால் எழுதிவிடுகிறார். சாயங்காலம் திரும்பும்போது அவரவர் பார்த்துக்கொள்ள வேண்டியது.

நான் போனபோது பலகையில் இப்படி இருந்தது: “காளி: கேஸ் சிலிண்டர் நாளைக்கு. ராமாயி: நூறு நாள் காசு ஏறியாச்சு. பெரியசாமி: மகன் கூப்பிட்டான், பொங்கலுக்கு வரலை.”

“எல்லாத்தையும் எழுதுவீங்களா?” என்று கேட்டேன். சுற்றுலா வந்தவன் கேட்பதுபோலத்தான்.

“கம்பெனிக்காரன் அனுப்பறதை எழுத மாட்டேனுங்க. ஆஃபரு, லோனு, ரீசார்ஜு. அதை எழுதினா பலகை பத்தாது. ஊட்டுக்கு வேணுங்கிறதை மட்டும் எழுதறது. நொம்பப் பேருக்குப் படிக்கத் தெரியாதுங்க, பாவம்.” டீயை ஆற்றிக் கொடுத்தார். பத்து ரூபாய். நல்ல மனிதர். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

கடையிலிருந்து கீழே இறங்கினால் காபி எஸ்டேட். பழம் பறிக்கும் பருவம். எட்டுப் பெண்கள் இடுப்பில் சாக்கைக் கட்டிக்கொண்டு பறித்துக்கொண்டிருந்தார்கள். அவர்களில் ஒருத்தி செல்வி, திரையில் சிவப்பான அந்தப் பெயர். பதிவு செய்ய வந்த அன்று என் மேசைக்கு எதிரில் உட்கார்ந்து செல்போன் எண் சொன்னவள். என்னைப் பார்த்ததும் அவள் கை நின்றது. மறு நிமிடம், எல்லோருக்கும் கேட்கும்படி, “ஏனுங்க, வழி மாறி வந்துட்டீங்களா? கரடியூருக்கு இப்படிப் போக முடியாதுங்க” என்றாள்.

“ஆமாங்க” என்றேன்.

“செல்வி, வழி காட்டுறேன்னு நீயும் அந்தத் தம்பிகூட டூர் போயிராத. சாக்கு நிறையலைன்னா கணக்கெழுதுற ரைட்டர் உன்னையத்தான் தேடுவாரு” என்றாள் பக்கத்துப் பெண். எல்லோரும் சிரித்தார்கள். செல்வியும் சிரித்துக்கொண்டே முன்னால் நடந்தாள். மிளகுக் கொடி மறைத்த திருப்பத்தில் சிரிப்பு நின்றது.

“எதுக்குங்க வந்தீங்க?”

அங்கே நின்ற பத்து நிமிடத்தில் அவள் சொன்னது இவ்வளவு. எண் அவளுடையது இல்லை, கொழுந்தனுடையது. படிவத்தில் எண் கேட்டோம், கொடுத்தாள். யாருடைய போன், யார் படிப்பார்கள் என்று படிவம் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. போன மாதம் எங்கள் முதல் செய்தி அந்தப் போனுக்குப் போனது. கடைக்காரர் வழக்கம்போலக் கொழுந்தன் பெயரைப் போட்டு எழுதினார்: “சின்ராசு: மாத்திரை முடியுது. 18-ம் தேதி கூட்டு மருந்து மையத்துக்குத் தவறாம வரணும்.” காலையிலிருந்து சாயங்காலம் வரை அது பலகையில் இருந்தது. கூட்டு மருந்து என்றால் எச்.ஐ.வி.க்கான மருந்து என்று கடைக்காரருக்குத் தெரியாது. திருப்பூரில் வேலை பார்த்துத் திரும்பிய ஒருவனுக்குத் தெரிந்திருந்தது.

“ஊட்டுல நாலு பேரு இருக்கோம். ஆனா எல்லாரும் என்னையத்தான் பாத்தாங்க. எம் புருசன் காய்ச்சல்ல போனாரில்லீங்களா. நான் ராங் நம்பருன்னு சாதிச்சுட்டேன். பாதி நம்பி இருக்காங்க. என் தட்டு மட்டும் தனியா வெச்சிருக்கு.”

“மாத்திரை?”

“பதினெட்டாம் தேதி நான் சேலத்துக்கு பஸ் ஏறியிருந்தா ராங் நம்பரு எப்படீங்க ஆகும்? முன்னெல்லாம் தைராய்டு மாத்திரைன்னு சொல்லிட்டுப் போவேன். இப்ப எந்தத் தேதி போனாலும் அதுதான்னு ஆயிரும்.”

மாத்திரையை என் கையில் கொடுத்தனுப்பும்படி மையத்தில் கேட்டிருந்தேன். அவளே வர வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். அதைச் சொன்னேன். அவளுக்கு ஆச்சரியமில்லை. அடுத்த செய்தி எப்போது என்று கேட்டாள். வராதவர்களுக்கான இரண்டாவது நினைவூட்டல் வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு எல்லா எண்ணுக்கும் தானாகப் போகும். சொன்னேன். செடியிலிருந்து ஒரு பழத்தைப் பறித்து நசுக்கினாள்.

“அது வந்தா என்னைய ஊட்ட உட்டு அனுப்பிருவாங்க. எம் பொண்ணை என்கூட விட மாட்டாங்க. வரலைன்னா ராங் நம்பருதான்னு அடங்கிருவாங்க. அடுத்த வாரமே நான் வந்து வாங்கிக்கறேன்.” கொஞ்சம் நடந்து நின்றாள். “அப்புறமும் அனுப்பணும்னா ரீசார்ஜு ஆஃபரு மாதிரி அனுப்புங்க. அதைக் கடைக்காரண்ணன் பலகையில எழுத மாட்டாரு. கொழுந்தனும் படிக்க மாட்டாரு. சாயங்காலம் போனை எடுத்துட்டு வர்றது நான்தான். எட்டாவது படிச்சிருக்கேன், பாத்துக்குவேன்.”

எங்கள் அலுவலகத்தில் அந்தச் செய்தியை எழுத இரண்டு கூட்டம் நடந்தது. மையத்தின் பெயர் இருந்தால்தான் நம்பிக்கை வரும் என்று ஒருவர் சொன்னார், மற்றவர்கள் தலையாட்டினார்கள், நான் தட்டச்சு செய்தேன். காபிக் காட்டில் நின்று அவள் பத்து நிமிடத்தில் யோசித்தது அந்த அறையில் யாருக்கும் தோன்றவில்லை.

மேலே ஏறி, கடையைத் தாண்டி டவர் கிடைத்த இடத்தில் நின்று அதிகாரியைக் கூப்பிட்டேன். எண்ணை நீக்கும் உரிமை எனக்குக் கிடையாது. “ஒரு ஆளுக்காக ஷெட்யூலை மாத்த முடியாதுப்பா. ஒப்புதல் வாங்கணும். மெயில் போடு” என்றார். அங்கேயே நின்று மெயில் போட்டேன். வாட்ஸ்அப்பிலும் அனுப்பினேன். மதியம் 2.15 பஸ்ஸில் திரும்பி, மாலை 5.40-க்குச் சேலம்.

போகிறவர்களுக்கு: மாரமங்கலம் பக்கம் பஸ் குறைவு, திரும்பும் நேரத்தை நடத்துநரிடம் கேட்டுவிட்டு இறங்குங்கள். ஜனவரியில் ஸ்வெட்டர் அவசியம். காபிப் பழத்தைப் பறிக்காதீர்கள், அது யாரோ ஒருவரின் அன்றைய கூலி. இப்படி ஒரு கரும்பலகையைப் பார்த்தால் படம் எடுத்துப் போடாதீர்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, யாரிடமாவது செல்போன் எண் வாங்கும் வேலையில் நீங்கள் இருந்தால், அந்தப் போன் பகலில் எந்தச் சுவரில் தொங்குகிறது என்று கேளுங்கள்.

இதை வியாழன் மாலை எழுதுகிறேன். மெயிலுக்குப் பதில் இல்லை. வாட்ஸ்அப்பில் இரண்டு நீலக் கோடு நேற்றே விழுந்துவிட்டது. இன்று முழுக்க அதிகாரி தன் அறையில்தான் இருந்தார். மூன்று முறை போய் நின்றேன், மூன்று முறையும் போனில் பேசிக்கொண்டிருந்தார். அதனால் இங்கேயும் கேட்கிறேன்.

நாளை காலை பத்து மணிக்குப் போகும் செய்தியை நிறுத்துங்கள், சார்.