வவுனியாவில் எழாதிருந்த பந்தி

வற்றாப்பளையில் எழுந்தருளியிருக்கும் அம்மாளே, மன்னன் எதிரிலும் தலை தாழாது நின்றவளே, உன் திருவடியை நினைந்து தொடங்குகிறேன். நாவுக்கு இனிமையைத் தா. இனிமை போதாத இடத்தில் உறுதியைத் தா. ஆனைமுகன் வழியில் உள்ள இடையூறுகளை நீக்குக. எவர்க்கேனும் நானே இடையூறாய் நிற்க நேர்ந்தால், அதையும் அவனே பொறுத்தருள்க.

ரௌத்திரி வருடம், ஆவணித் திங்கள், வளர்பிறைத் துவாதசி, வெள்ளிக்கிழமை. முந்திய நாள் ஏகாதசி. நீர் மட்டும் அருந்தி விரதமிருந்து, துவாதசியன்று உணவு கொண்டு பாரணை செய்வது என் வழக்கம். ஆயினும் பாரணைக்கு முன் பசித்த ஒருவர் உண்பதைக் கண்ணால் கண்ட பின்பே நான் இலையில் கை வைப்பேன். என் தந்தையார் கைக்கொண்ட ஒழுங்கு அது. நானும் வழுவாது காத்து வருகிறேன்.

காலை ஐந்தரை மணிக்குத் தர்மபுரச் சந்தியில் பேருந்துக்கு நின்றோம். என்னுடன் வந்தவள் முத்துலெட்சுமி. வாய்க்காலுக்கு அப்பால் உள்ள குடியேற்றத்தில் இருப்பவள். மூன்று ஆண்டுகளுக்கு முன் நடந்த கலவரத்தில் மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்து லயக் குடியிருப்பு எரிந்தபோது, உடுத்த உடையோடு கணவனுடன் வன்னிக்கு வந்தாள். அவள் தோளில் கிடந்தது அவளுடைய மகள் செல்வராணி. இங்கே பிறந்த பிள்ளை. ஒருகாலத்தில் எங்கள் பிள்ளையார் கோயில் முற்றத்தில் தத்தித் தத்தி நடந்தது. போன போகம் நீரின்றிக் கருகியது. கூலி வேலையும் அதோடு நின்றது. அதன்பின் அந்தப் பிள்ளை நடப்பதை விட்டது. பிறகு நிற்பதையும் விட்டது. சத்துமா கொடுத்தால் பிள்ளை எழும்பும், இனியும் தாமதித்தால் தன்னால் ஒன்றும் சொல்ல முடியாது என்று மருத்துவிச்சி கைவிரித்துவிட்டார்.

சத்துமாவை இலவசமாகக் கொடுக்கும் இடம் வவுனியாப் பட்டினத்தில் இருந்தது. முத்துலெட்சுமி ஒருமுறை தனியே போய் வெறுங்கையோடு திரும்பியிருந்தாள். "ஐயா ஒருவாட்டி கூட வந்தீங்கன்னா மதிச்சுப் பேசுவாங்க" என்று, கோயிலில் பதிகம் பாடும் கிழவனான என்னிடம் வந்து நின்றாள். அங்கே ஒரு மடத்தில் வெள்ளிக்கிழமைதோறும் அன்னதானம் நடப்பதையும் நான் அறிவேன். மாவும் சோறும் ஒரே நாளில் கிடைக்கும் என்று எண்ணிப் புறப்பட்டோம்.

பரந்தன்வரை ஒன்பது மைல். அங்கிருந்து கிளிநொச்சிக்குப் போய், வவுனியாப் பேருந்தில் ஏறினோம். ஆளுக்கு ஐந்து ரூபா. முறிகண்டியில் எல்லா வாகனங்களையும் போல எங்கள் பேருந்தும் நின்றது. சாரதி இறங்கிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தார். சிதறிய துண்டுகளில் ஒன்றை முத்துலெட்சுமி எடுத்துத் துடைத்துப் பிள்ளையின் வாயில் வைத்தாள். பிள்ளை அதைக் கடிக்கவில்லை, சூப்பிக்கொண்டே வந்தது. அந்தச் சந்நிதியில் எவரும் அவளை எந்த ஊர் என்று கேட்கவில்லை.

எட்டே கால் மணிக்குப் புளியங்குளம். அங்கே காதர் நாநாவின் தேநீர்க் கடை முன் பேருந்து பத்து நிமிடம் நிற்கும். தேநீர் ஐம்பது சதம். நான் விரதம் என்று கைகாட்டினேன். நாநா பிள்ளையைப் பார்த்தார். ஒன்றும் கேளாமல் ஒரு கோப்பையில் சூடான பாலை ஆற்றிக்கொண்டு வந்தார்.

"எவ்வளவுங்க?" என்று முத்துலெட்சுமி முந்தானை முடிச்சை அவிழ்த்தாள்.

"கொழந்தைக்குக் குடுத்த பாலுக்குக் காசு வாங்கினா, மாடு நாளைக்கு என்னை உதைக்கும். முடிச்சைக் கட்டு, தங்கச்சி" என்றார்.

பால் பாதி வெளியே வந்தது. பாதி உள்ளே தங்கியது.

புளியங்குளத்திலிருந்து வவுனியா பதினைந்து மைல். ஓமந்தையைக் கடந்ததும் காடு விலகி, கடைகளும் சைக்கிள்களும் பெருகின. கொழும்பைக் கண்டவர்களுக்கு அது சிறு பட்டினமாகத் தோன்றலாம். வாய்க்கால் கரையில் குடியிருக்கும் எங்களுக்கு அதுவே பெருநகரம்.

ஒன்பதரை மணிக்குச் சத்துமா கொடுக்கும் கட்டடத்தில் வரிசைக்கு நின்றோம். அந்த இடத்தின் பெயரையும் அங்கிருந்த உத்தியோகத்தரின் பெயரையும் எழுதப் போவதில்லை. அவர் கொடியவரல்லர். வெள்ளைச் சட்டையும் மூக்குக்கண்ணாடியும் அணிந்து, ஒரு நாளைக்கு நூறு பேருக்குப் பதில் சொல்லிக் களைத்தவர், அவ்வளவே.

"எவடம்?" என்றார் அவர்.

"தருமபுரம்ங்க."

"அதுக்கு முந்தி?"

"பதுளப் பக்கம்."

"அப்ப உங்கட பதிவு அங்கதான், தங்கச்சி. அங்க போய் எடுங்கோ. போன முறையும் சொன்னனான்."

"அந்த லயத்தக் கொளுத்திப்புட்டாங்களே ஐயா. அங்க போயி யாருகிட்ட வாங்குறது?"

நான் முன்னே சென்றேன். "தம்பி, பிள்ளையைப் பாருங்கோ. இது இஞ்ச பிறந்த பிள்ளை."

"பாத்தனான் ஐயா. சட்டத்தை நான் எழுதேல்லை."

"எழுதினவர் இஞ்ச இல்லை. நீர் இருக்கிறீர்."

"அடுத்த ஆள் வாங்கோ" என்றார் அவர்.

வெளியே வந்து ஒரு வேப்பமர நிழலில் நின்றோம். "போன தடவையும் இதேதாங்க சொன்னாரு. ஐயா வந்தா வேற மாதிரி சொல்லுவாருன்னு நெனச்சேன்" என்றாள் முத்துலெட்சுமி.

"நானும் அப்பிடித்தான் நினைச்சன், பிள்ளை" என்றேன். நரைத்த தலைக்கும் திருநீற்றுக்கும் அந்த வரிசையில் ஒரு கைப்பிடி மாவின் மதிப்புக்கூட இல்லை என்பது அப்பொழுது விளங்கியது.

நண்பகலில் மடத்துக்குப் போனோம். மடத்து மனேச்சர் என்னை அடையாளம் கண்டுகொண்டார். முன்னர் ஒரு திருவிழாவில் நான் பதிகம் பாடியதை அவர் மறக்கவில்லை. "வாங்கோ ஐயா, தலை இலை உங்களுக்குத்தான். ஒரு பதிகம் பாடித் துவக்கி வையுங்கோ" என்று கையைப் பிடித்து அழைத்துச் சென்றார்.

அந்த மடத்தின் பந்தி வழக்கத்தை வாசகர்க்குச் சொல்ல வேண்டும். பாடியவர் தலை இலையில் அமர்வார். அவர் முதற்கவளம் எடுத்த பின்பே ஏனையோர் இலையில் கை வைப்பர். கடைசியாக உண்பவர் உண்டு முடிக்கும்வரை எவரும் எழக்கூடாது. ஒரு பக்கம் ஆண்கள், எதிர்ப்பக்கம் பெண்கள். எல்லோரும் ஒரே கூடத்தில். பணக்காரன் எழும்போது ஏழை பாதி இலையோடு இருக்கக் கூடாது என்பதற்காக முன்னோர் வைத்த நல்ல முறை அது.

கண்ணை மூடிப் பாடினேன். ஓடு ஏந்தி ஊர்தோறும் பிச்சைக்குத் திரிந்த பெருமானைப் பற்றிய பதிகம். பாடி முடித்துக் கண் திறந்தபோது சோறும் பருப்பும் பரிமாறப்பட்டிருந்தன. என் வரிசையில் நாலு இலை தள்ளி, சட்டைக் கையை மடித்துவிட்டபடி காலையில் கண்ட உத்தியோகத்தர் அமர்ந்திருந்தார். பெண்கள் பக்கம் பார்த்தேன். முத்துலெட்சுமி இல்லை.

"தம்பி, என்னோட வந்த பிள்ளை எங்க?" என்று மனேச்சரைக் கேட்டேன்.

"அவாவைக் குசினிப் பக்கம் அனுப்பினனான் ஐயா. பார்சல் கட்டிக் குடுப்பினம். நீங்கள் துவங்குங்கோ."

"ஏன் குசினிப் பக்கம்?"

அவர் குனிந்து தாழ்ந்த குரலில் சொன்னார்: "குடியேற்ற ஆக்கள் ஐயா. ஒருத்தரை இருத்தினா, வாற வெள்ளி முழுக் குடியேற்றமும் வந்து நிக்கும்."

நான் இரு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டேன். "இண்டைக்குத் துவாதசி. ஒரு ஆள் சாப்பிடுறதைக் கண்டாப் பிறகுதான் நான் இலையில கை வைப்பன். அந்த ஆள் அவாதான்."

"அவா அங்க சாப்பிடுவா தானே?"

"நான் இருக்கிற இடத்திலயிருந்து பாக்க வேணும்."

சோற்றின் ஆவி அடங்கிக்கொண்டிருந்தது. என் பக்கத்து இலைக்காரர், "ஐயா, எனக்குச் சலரோகம், சீனி வருத்தம். நேரத்துக்குச் சாப்பிட வேணும்" என்றார்.

"எனக்கு நேற்றுத் துவங்கின பசி, தம்பி. மனேச்சரிட்டச் சொல்லுங்கோ" என்றேன். அவர் சொன்னார், உரத்த குரலில் சொன்னார்.

உத்தியோகத்தர் எட்டிப் பார்த்தார். "இதென்ன ஐயா, சத்தியாக்கிரகமோ?"

"இல்லைத் தம்பி, பாரணை."

யாரோ சிரித்தார்கள். மனேச்சர் என்னையும் பந்தியையும் மாறி மாறிப் பார்த்தார். அத்தனை பேரும் கையை மடியில் வைத்துக்கொண்டிருந்தனர். என்மேல் கொண்ட அன்பால் அன்று. பந்தி வழக்கத்தை முதலில் மீறியவன் என்ற பெயரை எவரும் விரும்பவில்லை. மனேச்சர் உள்ளே சமையற்கட்டுக்குப் போனார்.

முத்துலெட்சுமி வந்து வாசலில் நின்றாள். இடுப்பில் பிள்ளை, கையில் பிரிக்காத பார்சல். மனேச்சர் வாசற்படி ஓரமாக ஓர் இலையைப் போட்டார். அவள் குனிந்து பார்த்தாள்.

"அங்க செருப்பு கெடக்குதுங்க" என்றாள்.

பெண்கள் வரிசையில் பருமனான ஓர் அம்மா நகர்ந்து இடம் விட்டார். "இஞ்சால வந்து இரு பிள்ளை. எங்களுக்கும் பசிக்குது" என்றார்.

"நான் சொன்னது சொன்னதுதான் ஐயா. நாளைக்கு எல்லாரும் வந்து நிப்பினம்" என்று மனேச்சர் என்னிடம் முறையிட்டார்.

மறுமொழியை நான் சொல்லவில்லை. அந்த அம்மாவின் அருகே இலையின் முன் அமர்ந்தவாறே முத்துலெட்சுமி சொன்னாள்: "வருவாங்கய்யா. பசிச்சா வரத்தானே செய்வாங்க. நானே கூட்டிக்கிட்டு வாறேன்."

சோற்றைப் பருப்போடு மசித்துப் பிள்ளைக்கு ஊட்டினாள். முதற்கவளத்தைப் பிள்ளை துப்பியது. இரண்டாவதை வாயில் வைத்துக்கொண்டு யோசித்தது, பிறகு விழுங்கியது. நான் முதற்கவளம் எடுத்தேன். கூடம் முழுவதும் இலைகளின் சலசலப்பு எழுந்தது.

சிறிது நேரத்தில் எல்லோரும் உண்டு முடித்தனர். முத்துலெட்சுமியும் முடித்தாள். பிள்ளை முடிக்கவில்லை. தாயின் இலையில் தன் கையை வைத்து, ஒவ்வொரு பருக்கையாக எடுத்து வாயில் வைக்கத் தொடங்கியிருந்தது. கடைசியாக உண்பவர் முடிக்கும்வரை எவரும் எழக்கூடாது. சலரோகக்காரர் இருந்தார், வியாபாரிகள் இருந்தனர், உத்தியோகத்தர் இருந்தார். கைகளில் ஒட்டிய சோறு காய்ந்தது. ஐம்பது பேர் ஒரு சிறு பிள்ளையின் விரல்களைப் பார்த்தபடி அமர்ந்திருந்தனர்.

காலையில் பார்த்ததாகச் சொல்லியும் ஒரு கணமும் பாராத பிள்ளையை உத்தியோகத்தர் அப்பொழுது பார்த்துக்கொண்டேயிருக்க வேண்டியதாயிற்று. பரிமாறுபவரை அழைத்து, "அந்தப் பிள்ளைக்கு இன்னும் கொஞ்சம் பருப்பு விடுங்கோ" என்றார். பிறகு, "எத்தினை வயசு?" என்று கேட்டார்.

"ரெண்டு முடிஞ்சு போச்சுங்க."

"ஒரு வயசும் ஆகேல்லையெண்டெல்லோ நினைச்சன்."

"நீங்க கேக்கலீங்களே" என்றாள் முத்துலெட்சுமி.

அவர் கண்ணாடியைக் கழற்றி இடக்கையால் துடைத்தார். பிள்ளை கடைசிப் பருக்கையை உண்டு, வெறும் இலையை இரண்டு முறை தட்டியது. பந்தி எழுந்தது.

கிணற்றடியில் கை கழுவும்போது அவர் என்னருகில் வந்தார். "மூண்டு மணிக்குக் கூட்டிக்கொண்டு வாங்கோ ஐயா. ஆக்கள் குறைவாயிருக்கும். பின்பக்கக் கதவால வாங்கோ."

"முன்பக்கமாவே வாறேங்க" என்றாள், பிள்ளையின் வாயைத் துடைத்துக்கொண்டிருந்த முத்துலெட்சுமி.

அவர் ஈரக் கையை உதறினார். "சரி, முன்பக்கமா வாங்கோ" என்றார்.

மூன்று மணிக்கு முன்வாசலால் போனோம். பிள்ளையைத் தராசில் தொங்கவிட்டு நிறுத்தார்கள், பிள்ளை வீறிட்டழுதது. அன்றைய நாளில் அதன் குரலை அப்பொழுதுதான் கேட்டேன். சத்துமாப் பொட்டலங்களைக் கொடுத்து, வெந்நீரில் எப்படிக் கரைப்பது என்றும் சொல்லி, அடுத்த மாதமும் வரச் சொன்னார் உத்தியோகத்தர். பதிவு பற்றி ஒரு சொல்லும் இல்லை. சட்டம் காலையில் இருந்தபடியேதான் இருந்திருக்க வேண்டும்.

திரும்பும் வழியில் பேருந்தின் சன்னலோரம் இருந்து எண்ணினேன். பிச்சைக்கு வந்த பெருமானைப் பாடிப் பாடி நாம் உருகுகிறோம். அவனே ஒரு நாள் ஓட்டோடு வந்து அந்த வரிசையில் நின்றால், எந்த ஊர்ப் பதிவு என்று கேட்போமா? பிறப்பே இல்லாதவன் எந்தப் பதிவைக் காட்டுவான்? அவனையும் குசினிப் பக்கம் அனுப்புவோமாயின், நாம் பாடும் பதிகம் வெறும் தொண்டைப் பயிற்சி. இதனால் எவர் மனமாவது நோகுமாயின், நோகட்டும்.

புளியங்குளத்தில் காதர் நாநா சன்னலருகே வந்தார். "என்ன தங்கச்சி, டவுன்ல ஏதும் குடுத்தாங்களா?"

"குடுக்கலைங்க. கேட்டு வாங்கினோம்" என்றாள் முத்துலெட்சுமி. பிள்ளை பொட்டலங்களின்மேல் தலை வைத்து உறங்கிக்கொண்டிருந்தது.

தர்மபுரத்தில் எங்களுக்கும் பெருமைப்பட ஒன்றுமில்லை. எங்கள் பிள்ளையார் கோயிற் பொங்கலன்று குடியேற்றத்து மக்கள் வேலிக்கு வெளியே நின்று பிரசாதம் வாங்குவதைப் பல முறை கண்டும், நான் பாடிவிட்டு வீட்டுக்குப் போனவன். பட்டினத்து மனேச்சரிடம் கேட்ட கேள்வியை என் ஊரிலும் கேட்க வேண்டும். கேட்பேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை விடியலில் சந்தியில் ஒரு நெல் லொறி நின்றது. பிள்ளைகளை இடுப்பில் வைத்துக்கொண்டு குடியேற்றத்துப் பெண்கள் ஏறிக்கொண்டிருந்தனர். மனேச்சர் அஞ்சியது நடந்தேவிட்டது. நானும் சால்வையைத் தோளிலிட்டுப் புறப்பட்டேன். முத்துலெட்சுமி லொறியின் மேலிருந்து கையசைத்துத் தடுத்தாள்.

"ஐயா, இன்னைக்கு நீங்க வீட்டுல நல்லாச் சாப்பிடுங்க. நாங்களே போயி உக்காந்துக்குறோம்."

இதைப் படிப்பவர் எவராயினும், உங்கள் அடுப்பில் உலை ஓயாதிருக்கட்டும். உங்கள் பிள்ளைகள் நிறுவையில் கனக்கட்டும். வாசலில் வந்து நிற்பவரிடம் ஊர் கேட்கும் முன்னே இலை போடும் கை உங்களுக்கு வாய்க்கட்டும். போடாத கூடத்தில் நீங்கள் அமர நேர்ந்தால், உங்கள் கை மடியிலேயே இருக்கும் உரத்தையும் அம்மாள் அருளுவாளாக.