வெள்ளிக்கிழமை ஏற்றிய தொலுயீன்

எனக்கு வாய் நீளம். உம்மா அதை நேரே சொல்லுவா. ஆய்வுகூடத்தில் என்னோடு வேலை செய்த காக்காவும் அப்படித்தான் நினைத்திருப்பார், ஆனால் சொன்னதில்லை. என்னைவிடப் பதினைந்து வயது மூத்த உதவியாளர். அண்ணன் முறை வைத்து நான் அவரைக் காக்கா என்பேன், அவர் என்னை மிஸ் என்பார்.

அந்த வருடம் நான் நிலக்கரியைக் கரைத்துக்கொண்டிருந்தேன். கல்முனையில் பிறந்தவளுக்கு நெல்லும் மீனும் போதாதா, கரி என்னத்துக்கு என்று வீட்டில் ஒரே கேலி. மின்நிலையத்துக்குக் கப்பலில் வந்திறங்கும் கரியில் ஒரு சின்னப் பொதி கேட்டு வாங்கியிருந்தேன். எந்தக் கரைப்பான் அதிலிருந்து கூடுதலாகப் பிரித்தெடுக்கிறது என்று பார்ப்பதுதான் என் முதுமாணிப் பட்ட ஆய்வு. சைலீனில் பார்த்து முடித்துவிட்டேன். தொலுயீனை இரண்டு முறை ஏற்றிச் சொதப்பி, பன்னிரண்டு கிராம் தூள்தான் மிஞ்சியது. எட்டு மணித்தியாலம் இடைவிடாமல் கொதிக்க வேண்டும். நடுவில் நின்றால் அந்தக் கணக்குக்கு மதிப்பில்லை. திங்கட்கிழமை முடிவைக் கொடுக்காவிட்டால் என் பதிவே போய்விடும்.

வெள்ளி காலை ஏழு மணிக்குக் காக்கா தலையைச் சொறிந்தார். "இண்டைக்கு வேணா மிஸ். நாளைக்கு ஏத்துவம். ஜும்மாத் தொழுகை நேரத்தில தண்ணி..."

"ஜும்மா உங்களுக்குத்தானே காக்கா, எனக்கில்லையே! நீங்க போங்க, நான் பாத்துக்கொள்ளுவன்."

மனுசன் டிமிக்கி கொடுக்கப் பார்க்கிறார் என்று நினைத்தேன். அவர் கண்ணாடிகளை ஒன்றன் மேல் ஒன்றாகப் பொருத்தினார். கீழே குடுவையில் தொலுயீன் கொதிக்கும், ஆவி மேலே போகும். உச்சியிலுள்ள ஒடுக்கியைச் சுற்றிக் குழாய்த் தண்ணீர் ஓடி ஆவியைக் குளிர்விக்கும். அது சொட்டுச் சொட்டாகக் கரித்தூளில் விழுந்து, கரைவதைக் கரைத்துக்கொண்டு திரும்பவும் குடுவைக்கு இறங்கும். பதினொரு மணிக்குக் குடுவை பாலில்லாத பிளேன்ரீ நிறத்துக்கு வந்தபோது எனக்கு நெஞ்சு நிறைந்தது.

பன்னிரண்டுக்குக் காக்கா புறப்பட்டார். "மிஸ், தண்ணில ஒரு கண் இருக்கட்டும்."

"ஓம், ஓம்." நான் தலை நிமிரவில்லை.

பக்கத்துப் பள்ளிவாசலுக்கும் எங்கள் கட்டடத்துக்கும் ஒரே தண்ணீர்த் தாங்கி. அங்கே ஆண்கள் தொழுமுன் முகம், கை, கடைசியில் வலது கால், இடது கால் என்று கழுவி வுழூ செய்ய வரிசையாகக் குழாய்கள். நான் எல்லா வெள்ளியும் பள்ளிக்குப் போகாமல் ஓய்வறையில் நண்பகல் லுஹர் தொழுகிறவள். ஜும்மாவுக்கு முன் அத்தனை குழாயும் ஒன்றாகத் திறந்தால் என்ன ஆகும் என்று எனக்கு எப்படித் தெரியும்? சொல்ல வந்தவரையும் நான் சொல்ல விடவில்லை.

ஒடுக்கியிலிருந்து வெளியேறும் தண்ணீர் நூலாக மெலிந்தது. பிறகு சொட்டியது. பிறகு நின்றது. கண்ணாடிக்குள் ஆவியின் ஈர வளையம் மேலே மேலே ஏறியது. யா அல்லாஹ்! சூடாக்கியை நிறுத்தினால் ஐந்து மணித்தியாலமும் பன்னிரண்டு கிராமும் வீண். நனைத்த துணியை ஒடுக்கியில் சுற்றினேன். அது உடனே சுட்டது. இன்னும் ஒரு நிமிடம், தண்ணீர் வந்துவிடும் என்று என்னையே ஏமாற்றிக்கொண்டு நின்றேன். தின்னர் வாசம் மூக்கை அடைத்தது, கண் எரிந்தது. தொலுயீன் ஆவி பாரமானது, மேசையோடு வழிந்து போகும். ஆவி உள்ள இடத்தில் மின்சார ஆளியைப் போடாதே, நிறுத்தாதே, ஒரு பொறி போதும் என்று ஒவ்வொரு வருடமும் முதலாம் வருடப் பிள்ளைகளுக்குத் தொண்டை கிழியக் கத்துகிறவள் நான். அந்த நான்தான் மேசையோரத்து ஆளிக்குக் கையை நீட்டினேன்.

"கை வெக்காதீங்க மிஸ்!"

வாசலில் காக்கா. உள்ளே வரவில்லை. திரும்பி நடைபாதையின் கோடிக்கு ஓடி, கட்டடத்தின் பிரதான ஆளியை இறக்கி மின்சாரத்தை நிறுத்தினார். "வெளிய வாங்க! வாங்க எண்டுறன்!"

வந்தேன். திறந்திருந்த யன்னல்களால் கடற்காற்று உள்ளே போய்க்கொண்டிருந்தது.

"வுழூ செய்யக்குள்ள தண்ணி நிண்டுட்டு மிஸ். அப்பதான் உங்கட கண்ணாடி ஞாபகம் வந்திச்சு."

"காலையில நீங்க சொல்ல வந்தீங்க. நான்தான் கேக்கல்ல. மன்னிச்சுக்கொள்ளுங்க காக்கா," என்றேன். அழுதும் விட்டேன்.

"அதை விடுங்க. உசிர் தப்பிச்சே, அல்ஹம்துலில்லாஹ். குடிக்கிற தண்ணி இரிக்கா?"

வெளியே ஆணியில் தொங்கிய என் பையிலிருந்து போத்தலை எடுத்துக் கொடுத்தேன். அவர் குடிக்கவில்லை. படியோரம் குந்தி, இடது காலில் மட்டும் ஊற்றி, விரலிடுக்கெல்லாம் கழுவிக்கொண்டு இறங்கி ஓடினார். ஒலிபெருக்கியில் குத்பாப் பிரசங்கம் தொடங்கியிருந்தது.

ஐந்து மணித்தியாலத்தை எட்டு என்று எழுதிவிடலாமா என்று அன்று பின்னேரம் ஒரு நினைப்பு வந்தது, பொய் சொல்ல மாட்டேன். எழுதவில்லை. தொலுயீனுக்கான கட்டத்தை வெறுமையாகவே கொடுத்தேன். பதிவு போனது. அடுத்த வருடம் முதலிலிருந்து தொடங்கினேன்.

எழுத விடாமல் தடுத்தது அந்த நடைபாதைதான். காக்கா போன பிறகு தரையைப் பார்த்தேன். படியிலிருந்து ஆய்வுகூட வாசலுக்கும், வாசலிலிருந்து பிரதான ஆளிக்கும் ஈரத்தடம் கிடந்தது. எல்லாம் வலது கால். பாதியில் நின்றதை அவர் முடிந்தது என்று வைத்துக்கொள்ளவில்லை. அது காயும்வரை நான் உள்ளே போகவில்லை.