விழியில் வைத்த வெள்ளைப் புள்ளி

இது இட்டுக்கட்டிச் சொன்னதல்ல. நடந்தது. கேட்டவர்களில் சிலர் சிரித்தார்கள், சிலர் பேச்சை மாற்றினார்கள். மதிவதனி இன்றுவரை அதில் ஒரு சொல்லைக்கூட மாற்றிச் சொன்னதில்லை.

திருவண்ணாமலையில், திருவூடல் தெருவில், அவள் கணவன் பலராமன் ஸ்டுடியோ வைத்திருந்தான். முன்னால் ஸ்டுடியோ, நடுவில் டார்க் ரூம், பின்னால் வீடு. படம் எடுப்பது அவன். எடுத்த படத்தைத் தூரிகையால் திருத்துகிற டச்சிங் வேலை அவளுடையது. அந்தக் காலத்தில் எத்தனையோ பேர் செத்த பிறகுதான் முதன்முதலாகப் படத்தில் விழுந்தார்கள். நாற்காலியில் சாய்த்து உட்கார வைத்த உடலைப் பலராமன் படம் எடுத்து வருவான். அந்தப் படத்தில், மூடிய இமைகளின் மேல் மதிவதனி மெல்லிய தூரிகையால் கண்களை வரைவாள். அதைத்தான் வீட்டில் மாலை போட்டு மாட்டுவார்கள்.

எல்லாவற்றையும் வரையலாம், ஒன்றைத் தவிர. கருவிழியில் வெளிச்சம் விழுகிற அந்த வெள்ளைப் புள்ளி. அது உயிரோடு இருப்பவர்களுக்கு மட்டும். செத்தவர் கண்ணில் அதை வைப்பதில்லை. பலராமனுக்கு யாரோ சொல்லித் தந்தது, அவன் இவளுக்குச் சொன்னான். ஏன் என்று யாரும் கேட்டதில்லை.

அவர்களுடைய மகள் தேன்மொழி நான்கு வயதில் காய்ச்சலில் போய்விட்டாள். ஐந்து வயது முடிவதற்குள் பிள்ளையைப் படம் பிடித்தால் ஆயுசு குறையும் என்று அவர்கள் குடும்பத்தில் ஒரு பேச்சு. ஊருக்கெல்லாம் படம் பிடித்த வீட்டில் அவளுக்கு ஒரு படம் இல்லை. அவள் போன பிறகு பலராமன் அழுதுகொண்டே எடுத்ததுதான் முதலும் கடைசியும். மதிவதனி அதில் கண்களை வரைந்தாள். கடைசியில், கை நிற்காமல், வெள்ளைப் புள்ளியையும் வைத்தாள்.

பலராமன் பார்த்தான். படத்தை வாங்கிச் சட்டம் போட்டான்.

ஆனால் அவை தேன்மொழியின் கண்கள் இல்லை. அம்மா வரைந்த கண்கள். தினமும் அவற்றைப் பார்க்கப் பார்க்க, உண்மையான கண்கள் எப்படி இருந்தன என்பது அவளுக்கு மறந்துகொண்டே வந்தது. மகள் இரண்டாம் முறையாகப் போய்க்கொண்டிருந்தாள். இந்த முறை மெதுவாக.

1992இல் ஊரில் இருந்த புகைப்பட ஆர்வலர்கள் சிலர் சேர்ந்து ஒரு போட்டி அறிவித்தார்கள். தலைப்பு, மழலை. தொழில் செய்பவர்களுக்கு இடமில்லை.

"நான் கலந்துக்கட்டுமா?"

"நீயா? கேமராவத் தொட்டதே கெடையாதே."

"அதனாலதான் கேக்கறேன். நான் என்ன தொழில்காரியா?"

பலராமன் வெகுநாள் கழித்துச் சிரித்தான். "மூடியக் கழட்டிட்டு எடு தாயே. கல்யாண வீட்ல நான் பண்ண கூத்த நீயும் பண்ணிடாத."

அவளுக்குப் பரிசு வேண்டாம். ஒரு குழந்தையின் உயிருள்ள கண்களைத் தானே படமாகப் பிடித்தால், மறந்துபோனது திரும்பி வருமா என்றுதான்.

பக்கத்து வீட்டு சினேகாவுக்கு ஐந்து வயது. சாயங்காலம் அவளை மொட்டை மாடியில் உட்கார வைத்தாள். மலைக்கு முதுகு காட்டி, கேமராமேல் குனிந்தாள்.

"இங்க பாருடி கண்ணு."

சினேகா கேமராவைப் பார்க்கவில்லை. கொஞ்சம் தள்ளி, கொஞ்சம் கீழே பார்த்தாள். சிரித்தாள்.

"என்னைப் பாருன்னா."

பார்த்தாள். அதே சிரிப்பு. மதிவதனி அமுக்கினாள்.

இறங்கும்போது சினேகா படியில் சுவரோடு ஒட்டி நின்றாள், யாருக்கோ வழி விடுவதுபோல. மதிவதனி முன்னாலேயே இறங்கிவிட்டிருந்தாள்.

மறுநாள் பலராமன் ஒரு கல்யாணத்துக்காக வேங்கிக்கால் போயிருந்தான். மதிவதனி டார்க் ரூமுக்குள் போய்த் தாழ் போட்டாள். வெளியே உச்சிவெயில். உள்ளே சிவப்பு பல்பு மட்டும். குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. டக்… டக்…

டெவலப்பர் தட்டில் தாளை அசைத்தாள். முதலில் எழுவது கறுப்புதான். வெறும் தாளில் சினேகாவின் கருவிழிகள் இரண்டும் எழுந்து அவளைப் பார்த்தன. பிறகு கன்னம். பிறகு பற்கள். நல்ல படம். பூதக்கண்ணாடியை வைத்து விழிக்குள் பார்த்தாள்.

வெள்ளைப் புள்ளிக்குள் வானம் இருந்தது. மலையின் விளிம்பு. நிழலுருவாகக் குனிந்து நிற்கும் ஒரு பெண். அது அவள்தான்.

பக்கத்தில் இன்னொரு உருவம்.

இடுப்பு உயரம்.

தூசி என்று நினைத்தாள். நெகட்டிவைத் துடைத்தாள். என்லார்ஜரை உயர ஏற்றி, கண்களை மட்டும் பெரிதாக்கினாள்.

இடது கண்ணில் இருந்தது.

வலது கண்ணிலும்.

இரண்டு கண்ணிலும் ஒரே இடத்தில் தூசி விழாது. அந்தச் சின்ன உருவத்தின் கை நீண்டு, குனிந்திருந்தவளின் புடவையைப் பிடித்திருந்தது.

குழாய்ச் சத்தம் நின்றது.

யாரோ மூச்சு விட்டார்கள். கீழே… இடுப்புக்குக் கீழே.

முந்தானை மெல்ல இழுபட்டது. ஒரே ஒரு முறை.

"யாரு?"



அவள் விளக்கைப் போடவில்லை. கதவைத் திறக்கவில்லை.  திறந்தால் அது போய்விடுமோ என்ற பயம்தான் பெரிதாக இருந்தது.

பலராமன் வந்து கதவைத் தட்டும்வரை அங்கேயே நின்றாள்.

படத்தைப் பார்த்ததும் அவன் முகம் செத்துப்போயிற்று. "அந்தச் சின்ன உருவத்த எடுத்துடு மதி. ஒரு சொட்டு மை போதும்."

"எடுக்க மாட்டேன்."

"வாணாம் மதி…"

"அவள உயிரோட எடுத்த படம் இது ஒண்ணுதான் இருக்கு."

படம் பெரிய பிரதியாக, அப்படியே போட்டிக்குப் போயிற்று. இரண்டாம் பரிசு. படங்களைச் சுவரில் வரிசையாக மாட்டியிருந்த மண்டபத்துக்கு அவள் சினேகாவையும் அழைத்துப் போனாள். போட்டியை நடத்திய ஜானி பாஷா படத்தின் முன்னால் நின்று தலையாட்டினார்.

"ஜோரா வந்திருக்குதும்மா. கண்ணுக்குள்ள நீங்களும் உங்க பாப்பாவும் நிக்கறீங்க பாருங்க. பாப்பாவக் கூட்டிட்டு வரலையா?"

"வீட்ல இருக்கா" என்றாள் மதிவதனி.

அதைச் சொன்னபோது அவளுக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்தது என்பதை அவள் யாரிடமும் மறைத்ததில்லை.

திரும்பி வரும்போது சினேகா கேட்டாள். "அத்தை, அந்தப் பாப்பாவ ஏன் தூங்க வெக்க மாட்டேங்கறீங்க?"

"எந்தப் பாப்பா?"

"மாடியில உங்க பொடவையப் புடிச்சிட்டு நின்னுச்சே. தூக்கம் வருதுன்னு அழுவுது அத்தை. கண்ண மூட முடியலையாம். யாரோ தொறந்து வெச்சிட்டாங்களாம்."

அதற்குப் பிறகு தெருவில் எப்படி நடந்தாள் என்று அவளுக்கு நினைவில்லை.

வீட்டுக்குப் போனதும் மகளின் படத்தைச் சுவரிலிருந்து இறக்கினாள். பலராமன் மேஜை விளக்கைப் பிடித்துக்கொண்டான். முதலில் பிளேடு முனையால் வெள்ளைப் புள்ளிகளைச் சுரண்டினாள். பிறகு இமைகளை வரைந்தாள். வாழ்க்கையில் முதல்முறையாக, மூடிய இமைகள். மையைக் காயவைக்க ஊதும்போது, குழந்தையைத் தூங்கவைக்கும் சத்தம் அவள் வாயிலிருந்து தானாக வந்தது. "ஜோஜோ… ஜோஜோ…"

கண்காட்சி முடிந்து பரிசுப் படம் திரும்பி வந்தது. ஜானி பாஷாவே கொண்டுவந்தார். உறையைப் பிரித்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

சினேகா சிரித்துக்கொண்டிருந்தாள். அவள் விழிகளில் வானம் இருந்தது, மலையின் விளிம்பு இருந்தது. குனிந்து நின்ற பெண் தனியாக இருந்தாள்.

நெகட்டிவை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார்கள். அதிலும் குனிந்த பெண் மட்டும்தான்.

ஆனால் அவளுடைய முந்தானை கீழே தொங்கவில்லை. யாரும் இல்லாத பக்கமாக, இடுப்பு உயரத்தில், இழுபட்டு நின்றது.