பூட்டிய கழிப்பறைக்கு முழு மதிப்பெண்

போன வாரம் மீன் வாங்கப் போனேன். லூர்து அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டார். கோபம். நியாயமான கோபம்தான்.

காரணம், ஒரு கழிப்பறை.

ஊர்களின் தூய்மையை அளந்து தரவரிசை போடும் கணக்கெடுப்பில் எனக்கு ஒப்பந்த வேலை. செங்கல்பட்டிலிருந்து கிளம்பி, கடலோரத்தில் ஊர் ஊராகப் போய், டேப்லெட்டில் விவரம் பதிய வேண்டும். கோவளம் தாண்டி ஓர் ஊர் — பெயர் வேண்டாம். மீன் மார்க்கெட்டை ஒட்டிப் பொதுக் கழிப்பறை. குழாய்? இருக்கிறது. விளக்கு? எரிகிறது. டைல்ஸ்? முகம் பார்க்கலாம். ஆள் நுழைந்தால்தானே அழுக்காகும்... கதவில் பூட்டு!

எனக்காகத் திறந்தார்கள். அங்கே மீன் விற்கும் லூர்து அக்கா பின்னாலேயே ஓடி வந்தார். காவலாளி மறித்தார்.

"ஏய், நீ எங்க வந்துகினு கீற? மேடம் போட்டோ எடுத்துட்டுப் போவட்டும்."

"இன்னா அண்ணாத்த, உன் வூட்டு பூஜை ரூமா இது? அடக்கி அடக்கி நீர்க்கடுப்பு வந்து கெடக்கறேன். வழிய உடு!"

"முதல்ல அவங்க போகட்டும்" என்றேன். பெரிய மனசு பாருங்கள், எனக்கு!

அக்கா போய்விட்டு வந்தார். "நல்லா இருப்பம்மா."

பிறகு போட்டோ எடுத்தேன். தரையெல்லாம் ஈரக் கால்தடம், ஒன்றிரண்டு மீன் செதில். செயலி கேட்டது: தரை உலர்ந்திருக்கிறதா? இல்லை. மதிப்பெண் போச்சு. கழிப்பறை திறந்திருக்கிறதா, யாராவது உள்ளே போகிறார்களா என்று ஒரு கேள்வி? கிடையாது. மேலதிகாரிக்கு ஃபோன் செய்து கேட்டேன்.

"கேக்கறதுக்கு மட்டும் பதில் போடும்மா."

போட்டேன்.

பட்டியல் வந்தது. அந்த ஊர் பின்னுக்குப் போய்விட்டது. பக்கத்து ஊர் முன்னால். அங்கே கழிப்பறை இன்னும் திறப்பு விழாவே காணவில்லை — தரை எப்படி நனையும்?

"உன்னாலதாம்மா" என்றார் லூர்து அக்கா, வஞ்சிரத்தை வெட்டியபடி. "முன்னல்லாம் கெஞ்சினா எப்பயாச்சும் தொறப்பான். இப்போ கதவாண்ட போனாலே தொரத்தறான். என் காலு பட்டுத்தான் ஊரு பேரு கெட்டுச்சாம்!"

நான் சரியான தகவலைத்தான் பதிந்தேன்.

அடுத்த கணக்கெடுப்புக்கு ஊர் தயார். லூர்து அக்காவும் தயார் — மார்க்கெட்டுக்கு வரும் நாளில் தண்ணீர் குடிப்பதையே நிறுத்திவிட்டார்.