சாயத்தின் மேல் விழுந்த பழி

யோசனை வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை காலையில். மில்லின் ஆய்வுக்கூடத்தில் செம்பனை எண்ணெயை வடிதாளில் ஊற்றிவிட்டு, அது சொட்டுச் சொட்டாக இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எண்ணெயில் எவ்வளவு அழுக்கு இருக்கிறது என்று பார்த்து எழுதுவதுதான் எனக்குச் சோறு போடுகிற வேலை. ஜன்னலுக்கு வெளியே ஒரு டிராக்டர் இன்னொரு டிராக்டரைச் சங்கிலி போட்டு இழுத்துக்கொண்டு போனது.

இழுபட்ட வண்டியில் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தவர்... சுப்புராயன் அண்ணன் என்று வைத்துக்கொள்வோம். பெயரை மாற்றி எழுதச் சொன்னார், மாற்றிவிட்டேன். ஈஜோக் பக்கத்தில் இருக்கும் எங்கள் தோட்டத்தில் பதினெட்டு வருடமாகப் பழக்குலை ஏற்றி வருகிறவர். அவருடைய வண்டியை இன்னொரு வண்டி இழுத்து யாரும் பார்த்ததில்லை. இப்போது மூன்று மாதத்தில் இது இரண்டாவது முறை.

"போச்சுலா! சிவப்பு எண்ண தின்னுடுச்சி!" என்று எடைமேடையில் நின்ற ஒருவர் கத்தினார்.

தின்றுவிட்டதா? எண்ணெய் இரும்பைத் தின்னுமா? என் கையில்தான் வடிதாள் இருக்கிறதே... செம்பனை எண்ணெயைச் சோதிக்கிற தாளில் வண்டிக்கு ஊற்றும் சிவப்பு டீசலை ஊற்றிப் பார்த்தால் என்ன?

அவ்வளவுதான். அன்று முழுக்க எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

டீசலில் எதற்குச் சாயம் என்று சிலர் கேட்பீர்கள். தோட்டத்து இயந்திரங்களுக்கும் மீன்பிடிப் படகுகளுக்கும் வரியைக் குறைத்து ஒரு டீசல் தருகிறார்கள். அது ரோட்டில் ஓடும் லோரிகளுக்குப் போய்விடக் கூடாது. அதற்காகச் சிவப்புச் சாயம் கலந்து அனுப்புகிறார்கள். லோரியின் டாங்கியில் சிவப்பு தெரிந்தால் ஆள் மாட்டினான். சங்கதி இவ்வளவுதான். எங்கள் தோட்டத்துக்கு அது வர ஆரம்பித்து ஆறு மாதம் ஆகிறது.

இதை டிரைவர்களுக்கு யாராவது சொன்னார்களா? ஆபீஸ் பலகையில் ஆங்கிலத்தில் ஒரு தாள் ஒட்டினார்கள். ஒட்டிவிட்டால் சொன்ன மாதிரிதானே!

அந்த வெள்ளிக்கிழமை சாயங்காலம் சுப்புராயன் அண்ணன் ஒரு கடிதத்தோடு என்னைத் தேடி வந்தார். கூடவே அவர் மனைவி அஞ்சலை அக்கா.

"என்னா தம்பி போட்டிருக்கு? ஆபீசு கிராணி குடுத்தாரு. மூஞ்சியப் பாக்காமயே குடுத்தாரு."

படித்தேன். கவனக்குறைவால் இரண்டு எரிபொருள் பம்புகள் பழுதாகிவிட்டன. ஏன் வேலையிலிருந்து நீக்கக் கூடாது என்று விசாரணையில் விளக்க வேண்டும். வருகிற திங்கள் இல்லை, அதற்கு அடுத்த திங்கட்கிழமை, காலை எட்டு மணி, ஆபீஸில்.

தோட்டத்தில் வேலை போனால் என்ன ஆகும் என்று இந்தப் பத்தியைப் படிக்கிறவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. வேலையோடு வந்த வீடு வேலையோடு போகும். மூத்த மகள் இந்த வருடம் எஸ்.பி.எம். பரீட்சை எழுதுகிறாள். லயத்து வீட்டைக் காலி செய்துவிட்டு எந்த முகவரியிலிருந்து எழுதுவாள்?

"சாயந்தான் கெடுத்துச்சுன்னு நீங்க ஒரு தாள் எழுதிக் குடுங்க தம்பி. மில்லுல படிச்ச புள்ள சொன்னா மேனேஜர் கேப்பாரு."

"டெஸ்ட் பண்ணிட்டு எழுதித் தரேண்ணே."

"டெஸ்ட்டு எதுக்கு? அதான் தோட்டமே சொல்லுதே!"

"தோட்டமே சொல்லுதுன்னு எழுதுனா சிரிப்பாங்கண்ணே. கணக்கா எழுதணும்."

அஞ்சலை அக்கா ஒரே ஒரு வார்த்தை சொன்னார்: "சீக்கிரம் பண்ணுங்க தம்பி."

மறுநாளே ஆரம்பித்தேன். ஒரு பாட்டிலில் ஸ்டோரிலிருந்து சிவப்பு டீசல். இன்னொன்றில் ரோட்டோர எண்ணெய் நிலையத்தில் வாங்கிய சாதா டீசல். இரண்டையும் தனித்தனியாக வடித்தேன். சிவப்பு டீசல் தாளை ரோஸ் நிறமாக்கியது. உலர்த்தி எடை போட்டால்... வெறும் தாளின் எடைதான். சாதா டீசலும் அப்படியே. இரண்டையும் அசைக்காமல் வைத்துப் பார்த்தேன். அடியில் தண்ணீர் இறங்கவில்லை, கசடு இறங்கவில்லை. பளபளவென்று தேய்த்த செம்புக் கம்பியை இரண்டிலும் போட்டு வைத்தேன். கம்பி கறுக்கவில்லை.

நமக்கு இது போதுமா? போதாது. ஞாயிற்றுக்கிழமை மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு கடலோரத்தில் இருக்கும் பாகான் நக்கோடா ஓமாருக்கே போய்விட்டேன். அங்கே சாகுல் பாய் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கிறார்; ஒரு மீன்பிடிப் படகில் பாதிப் பங்கும் உண்டு.

"பாய், இந்தச் சிவப்பு டீசல் எஞ்சினைக் கெடுக்குமா?"

அவர் டீ ஆற்றுவதை நிறுத்தவில்லை. "தம்பி, உங்க டிராக்டர் நின்னுச்சின்னா இறங்கித் தள்ளலாம். நடுக்கடல்ல படகு நின்னா யாரத் தள்ளச் சொல்றது? மீனையா?"

பெஞ்சில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நான் விடவில்லை. "சாயம் உள்ளே படியும்னு சொல்றாங்களே?"

"தண்ணி கலந்தா கெடும். மண்ணு விழுந்தா கெடும். கலரு என்னா பண்ணும்? நோன்பு தொறக்கையில நாங்க வருசா வருசம் சிவப்பா சிராப் சர்பத்து குடிக்கிறோம். வயிறு வெந்தா போச்சு? உயிர நம்பி ஊத்துறோம் தம்பி. கெட்டதுன்னா ஊத்துவமா?"

இதைவிட நல்ல ஆய்வுக்கூடம் எங்கே இருக்கிறது? சோதனை தவறினால் கரை திரும்ப முடியாத ஆய்வுக்கூடம்!

துள்ளலோடு திரும்பினேன். சாயம் நிரபராதி. நான் கண்டுபிடித்துவிட்டேன். கோலசிலாங்கூர் தாண்டிக்கூட விசிலடித்துக்கொண்டுதான் வந்தேன். அதற்குப் பிறகுதான் உறைத்தது. வண்டியை ஓரம் கட்டினேன்.

சாயம் செய்யவில்லை என்றால்... யார் செய்தது?

சுப்புராயன் அண்ணனுக்கு இருந்தது ஒரே ஒரு சாட்சி. அந்தச் சாட்சியை நான் இரண்டே நாளில் வேரோடு பிடுங்கிப் போட்டுவிட்டு விசிலடித்துக்கொண்டு வருகிறேன்.

திங்கட்கிழமை கடைசி முயற்சியாக ஒன்று செய்தேன். ஸ்டோர் டீசலைப் பார்த்தாகிவிட்டது. பழுதான டிராக்டரின் டாங்கியில் மிச்சமிருந்த டீசலைப் பார்க்கவில்லையே? வொர்க்‌ஷாப்பில் கேட்டு ஒரு பாட்டில் இறக்கி வந்தேன். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன்.

அது சிவப்பாகவே இல்லை. வெளுத்துப்போன மஞ்சள்.

வடித்தேன். தாள் கறுப்பு. விரலால் தொட்டால் நறநறவென்று பொடி. கரி!

அன்று சாயங்காலமே அவர் வீட்டுக்குப் போனேன். "அண்ணே, டீசலை என்ன பண்றீங்க?" என்று கேட்டேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது. யாராவது கேட்க மாட்டார்களா என்று காத்திருந்தவர் போல என்னைப் பின்புறம் கூட்டிப்போனார்.

அடியில் ஆணியால் துளை போட்ட ஒரு பிஸ்கட் டின். அதற்குள் நாலு மடிப்பாக அஞ்சலை அக்காவின் பழைய புடவைத் துணி. அதன் மேல் இடித்துச் சலித்த அடுப்புக்கரி. மறுநாளைக்கான டீசலை முதல் நாள் மாலையே ஸ்டோரில் வாங்கி வந்து, இதில் ஊற்றி, கீழே சொட்டுவதைப் பிடித்து வைக்கிறார். ஆறு மாதமாக. ஒரு நாள் விடாமல்.

"பாருங்க தம்பி, எப்பிடி வெளுத்து வருது! வெசத்த எடுத்துட்டுத்தான் வண்டிக்குக் குடுக்கறது. அப்பிடியும் கெட்டுப் போச்சின்னா அந்தச் சாயம் எவ்ளோ பொல்லாதது?"

"ஃபில்டரைக் கழட்டிப் பாத்தீங்களாண்ணே?"

"பாக்காம? கருகருன்னு அப்பிக் கெடந்துச்சி. அம்புட்டும் சாயத்தோட அழுக்கு! அதப் பாத்துட்டுத்தான் கரிய இன்னும் நைசா இடிச்சி ரெண்டு தடவ வடிக்கிறேன். ஃபில்டரையும் கழுவிக் கழுவிப் போடுறேன்."

நைசாக இடித்த கரி. துணியைத் தாண்டும், கழுவித் தேய்ந்த ஃபில்டரையும் தாண்டும். பம்புக்குள்ளே முடி நுழையாத இடைவெளியில் உப்புத்தாள் போல உரசிக்கொண்டே இருக்கும். அவர் எவ்வளவு அக்கறை எடுத்தாரோ அவ்வளவு வேகமாக அது தேய்ந்திருக்கிறது.

எப்படிச் சொல்வது? மூன்று மாதத்தில் இரண்டு பம்பு போகக் காரணம் உங்கள் பாசம் என்றா?

சொன்னேன். பையில் இருந்த தாள்களை எடுத்துக் காட்டினேன். ரோஸ் தாளை ஒரு முறை பார்த்தார். கறுப்புத் தாளை நெடுநேரம் பார்த்தார். விரலால் தொட்டு, இரண்டு விரலுக்கு நடுவே வைத்து உரசினார். பதினெட்டு வருடம் எஞ்சினோடு வாழ்ந்தவர். அந்த நறநறப்பு என்ன செய்யும் என்று அவருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

"அப்ப நான்தானா?"

நான் தாள்களைத் திரும்பப் பையில் வைத்தேன்.

அஞ்சலை அக்காதான் முதலில் பேசினார். "தம்பி, இது நம்ம மூணு பேருக்குத்தான் தெரியும். சாயம்னே எழுதிக் குடுத்துடுங்க. சாயம் வந்து சண்டைக்கா நிக்கப் போவுது?"

யோசித்துப் பாருங்கள். அக்கா கேட்டதில் என்ன தப்பு? உண்மையைச் சொன்னால் இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. வரி குறைந்த டீசலில் சாயத்தை எடுக்கிறவன் எதற்கு எடுப்பான்? லோரிக்காரனுக்கு விற்கத்தான் என்பார் ஆபீஸின் தலைமை எழுத்தரான பெரிய கிராணி. கவனக்குறைவு என்று வந்த கடிதம் திருட்டு என்று மாறிவிடும். ஒரு பொய்த் தாள். ஒரு குடும்பம் பிழைக்கும். என் பேனா சட்டைப் பையில்தான் இருந்தது. கை அதன் மேல் போனதையும் மறைக்கவில்லை.

சுப்புராயன் அண்ணன் தலையை ஆட்டினார். "வேணாம் அஞ்சல. இந்த டின்னு வேலைய நான் இன்னும் ரெண்டு டிரைவருக்குச் சொல்லிக் குடுத்திருக்கேன். அவனுங்க வண்டியும் இன்னிக்கோ நாளைக்கோ நிக்கும். அப்ப அவனுங்களுக்கும் இதே கடுதாசி வரும்."

"நமக்கு வீடு?"

அவர் எழுந்து, டின்னில் இருந்த கரியை வாழை மரத்தடியில் கொட்டினார். துணியை மட்டும் உதறி மடித்து அக்காவிடம் கொடுத்தார். அக்கா அதை வாங்கவில்லை.

இந்த ஆறு மாதத்தில் தோட்டம் முழுக்கக் கண்ணால் பார்த்தது பொய்யில்லை. சாயம் வந்தது, பம்பு போனது. இரண்டும் உண்மை. நடுவில் ஒரு பிஸ்கட் டின் இருந்தது மட்டும் யாருக்கும் தெரியவில்லை. புரியாத ஒரு பொருளைக் கையில் கொடுத்து, அது என்னவென்று சொல்லாமல் விட்டால், அக்கறையுள்ளவன் தன் வழியில் அதைச் சுத்தம் செய்யத்தான் பார்ப்பான். அக்கறையில்லாதவனின் வண்டி நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்.

கிளம்பும்போது அவரைக் கேட்டேன், இதை எழுதலாமா என்று.

"எழுதுங்க. வேற தோட்டத்துலயும் எவனாச்சும் கரி இடிச்சிக்கிட்டு இருப்பான். எம்பேரு மட்டும் வேணாம்."

ஆகவே, பத்தாங் காலியானாலும் சரி, சபாக் பெர்ணமானாலும் சரி, டிரைவர் அண்ணன்மார்களே... சிவப்பு சிவப்பாகவே இருக்கட்டும். அப்படியே ஊற்றுங்கள். டிரம்மை மூடி வையுங்கள், தண்ணீர் இறங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். கரி அடுப்போடு இருக்கட்டும்.

நீங்கள் இதைப் படிப்பது ஞாயிற்றுக்கிழமை. பெரிய கிராணியும் தமிழ்ப் பத்திரிகை படிப்பவர்தான், படிக்கட்டும். நாளை எட்டு மணிக்குச் சுப்புராயன் அண்ணனே எல்லாவற்றையும் சொல்லப் போகிறார். நான் பக்கத்தில் நிற்கப் போகிறேன். அவர் ஒரு சொட்டுக்கூட விற்கவில்லை, வடித்தது அத்தனையும் அந்த டாங்கிக்குத்தான் போனது என்பதற்கு அந்த டாங்கியில் மிச்சமிருந்த டீசலே சாட்சி என்று சொல்ல வேண்டும். பலகையில் ஒட்டிய தாளில் இருந்ததைத் தமிழில் யாரும் சொல்லவில்லை என்றும் சொல்ல வேண்டும். அதை ஆங்கிலத்தில் சொல்ல வேண்டும்.

மில்லில் சேர்ந்த இந்த இரண்டு வருடத்தில் நான் மேனேஜரிடம் "குட் மார்னிங்" தவிர வேறொன்றும் பேசியதில்லை. நாளைக்கு அடுத்த வாக்கியத்தை முயன்று பார்க்கிறேன்.